நான் இட்லியை ஒதுக்கிய காரணம்

சாமி, உன் அப்பா கல்யாணப் பத்திரிகை வைக்க வெள்ளகோவில் போயிருக்கிறார். திரும்பி வர மாலையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டுக்குப் பின்னால் நம் பனியன் ஷெட்டில் ஆட்கள் யாரும் இல்லை. தைத்த பீஸ் எதுவும் இல்லாமல் காலியாகக் கிடந்த செக்கிங் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். நேரில் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். போன வாரம் மண்டபம் பார்க்க நாம் இருவரும் காரில் போனபோது, சிக்னலில் நின்ற நேரத்தில் பேச்சை எடுத்தேன். "என்னம்மா?" என்று திரும்பினாய். உன் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. "ஒண்ணுமில்ல கண்ணு, ஏசிய சித்தே கொறை" என்றேன். வளர்ந்த மகனிடம் ஒரு அம்மா வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் இது. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்கு அம்மா என்ன சொல்வாள்? மனைவியை நன்றாக வைத்துக்கொள், கோபத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்வாள். அதையெல்லாம் உனக்கு எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லப்போவது என் உடம்பைப் பற்றி. அதில் உன் கல்யாணமும் மாட்டிக்கொண்டதால் உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வருஷம் சித்திரையில் நம் ஷெட்டில் வேலை மும்முரமாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டது, செக்கிங்குக்கு ஆட்கள் போதவில்லை, நானும் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டேன். ஷெட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. வெளியே எப்போதும் பேக்கிங் பையன்கள் நிற்பார்கள். அவர்களைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். நான் மட்டுமில்லை, அந்த மேசையைச் சுற்றி உட்காருகிற பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான். சீக்கிரமே நீர்க்கடுப்பு வந்தது. உன் அப்பாவோடு படித்தவர் என்று நாம் போகிற டாக்டரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார், கேட்டது. மறுபடி வந்தபோது அவரிடம் போகவில்லை. காலி அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன், அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தொண்டை கட்டினாலும் அதுதான், காய்ச்சல் வந்தாலும் அதுதான். ஆன்டிபயாடிக்கை நான் தலைவலி மாத்திரை மாதிரிப் பழகிவிட்டேன்.

முதலில் வயிறு கெட்டது. எதைச் சாப்பிட்டாலும் உப்புசம், இரண்டு நாள் பேதி, பிறகு ஒன்றும் போகாது. அதோடு இன்னொன்றும் ஆரம்பித்தது. பிற்பாடு லேடி டாக்டர் சொன்ன சொல்லையே எழுதிவிடுகிறேன், அதுவே மரியாதையான சொல்: பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்று. அரிப்பு, எரிச்சல், தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதல். நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியாது. ஆட்களுக்கு நடுவில் எழுந்து போகவும் முடியாது. ஏதோ அழுக்கு என்று நினைத்துக்கொண்டு, தரை துடைக்கிற தண்ணீர் மாதிரி வாசனை வருகிற டெட்டால் தண்ணீரில் தினமும் கழுவினேன். கழுவக் கழுவ எரிச்சல் அதிகமானதே தவிரக் குறையவில்லை. முதுகு வலி என்று சொல்லி, உன் அப்பாவை விட்டு முன்னறைக் கட்டிலுக்கு மாறினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பவர் ஒன்றும் நினைக்கவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம்தான். இந்த மாதிரி இடத்தில் வருகிற நோய் என்றால் நடத்தையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள் என்று நான் வளர்ந்த இடத்தில் கேட்டிருக்கிறேன். உன் அப்பா என்னைச் சந்தேகப்படுவாரோ என்று ஒரு நாள் நினைப்பேன். இன்னொரு நாள் நானே அவரைச் சந்தேகப்படுவேன். பாவம், கம்பெனி விட்டால் வீடு, வீடு விட்டால் கம்பெனி என்று இருக்கிற மனுஷனை! அரிப்பு உடம்பில் இருந்ததை விட மனதில்தான் அதிகமாக இருந்தது.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. நல்ல இனிமையான குரலில் ஒரு அம்மா பேசினார். சோர்வு, உப்புசம், அரிப்பு, வெள்ளைப்படுதல் எல்லாவற்றுக்கும் ஒரே வேர்தான், குடலில் ஈஸ்ட் பெருகிவிட்டது, நல்ல பாக்டீரியா அழிந்துவிட்டது என்றார். என் உடம்புக்குள் புகுந்து பார்த்துவிட்டுச் சொல்வது போல இருந்தது. டாக்டரிடம் காட்டாமல், யார் முகத்தையும் பார்க்காமல் குணமாகலாம் என்றதும் அவருடைய வாட்ஸப் குரூப்பில் சேர்ந்துவிட்டேன். ஈஸ்டைப் பட்டினி போட்டுக் கொல்ல வேண்டும் என்பதுதான் அவர் வழி. அரிசி கூடாது, புளிக்க வைத்த மாவு கூடாது, அதனால் இட்லி தோசை கூடாது. தயிர், பால், பழம் எதுவும் கூடாது. வேகவைத்த காய், தேங்காய், ஒரு முட்டை, அதோடு அவர் அனுப்புகிற பொடி. காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் எச்சிலைத் துப்பிப் பார்க்க வேண்டும். எச்சில் நூல் நூலாகக் கீழே இறங்கினால் ஈஸ்ட் இன்னும் இருக்கிறது என்று அர்த்தமாம். எனக்குத் தினமும் இறங்கியது. தினமும் நான் பயந்தேன். சாப்பாட்டை இன்னும் குறைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் நீ பியூலாவைப் பற்றிச் சொன்னாய். தீபாவளி முடிந்த வாரம். உன்னோடு அதே எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், நாசரேத் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம், அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா டெய்லர், தினமும் ஜெபம் செய்கிற வீடு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாய். உன் அப்பா செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். எனக்கு உடனே சந்தோஷமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வேறு ஊர், வேறு சாமி, சொந்தக்காரர்கள் வாய். "சித்தே டைம் குடு சாமி" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அதுவரை நான் தனியாகச் சாப்பிட்டதால் என் பத்தியம் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் உங்களோடு உட்கார்ந்தபோது, தட்டில் வைத்த இட்லியை ஒதுக்கினேன். அது அந்த வாட்ஸப் அம்மாவின் உத்தரவு. நீயும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள்.

அடுத்த நாளும் ஒதுக்கினேன், அதற்கடுத்த நாளும் ஒதுக்கினேன். நீ பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கையைக் கழுவாமலேயே எழுந்து நின்றாய். "ஏம்மா, உனக்குப் புடிக்கலைன்னா வாயால சொல்லிப்போடு. இப்படி வகுத்தப் பட்டினி போட்டு என்னை மெரட்டாத" என்றாய்.

"அதில்ல கண்ணு, வகுறு சரியில்ல" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

உனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதமே பையை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் நண்பர்கள் ரூமுக்குப் போய்விட்டாய். செய்தி பரவியது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மகனை மீட்பதற்காகத் தாய் பட்டினி கிடக்கிறாள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். "உன்ற மாதிரி வைராக்கியம் யாருக்கு வரும்" என்று உன் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். அவள் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரிப்பை அடக்கியபடி உட்கார்ந்திருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உடம்பு வேகமாக வற்றியது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தன. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டியது. அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடினேன். குரூப்பில் எழுதினால், "சூப்பர் மேடம், நச்செல்லாம் வெளிய போகுது" என்று கைதட்டுகிற பொம்மை வரும். மார்கழியில் ஒரு மத்தியானம், பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். பெண்கள் என்னைத் துணிக்கட்டின் மேல் சாய்த்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். உன் அப்பா ஓடி வந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை எங்கள் கல்யாண வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

"புள்ள, போதும் புள்ள" என்றார். "அந்தப் புள்ளையே இந்த ஊட்டுக்கு வரட்டும். நான் சரின்னு சொல்லிப்போடறேன். எந்திரிச்சு ஒரு வாய் சோறு தின்னு."

நீ நினைத்துப் பார். நான் கேட்கவே கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்த மனுஷன் என் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். நான் எதற்கு எதிராகப் பட்டினி கிடந்ததாக நினைத்தாரோ, அதை எனக்காக விட்டுக்கொடுக்கிறார். அப்போதும் நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் ஈஸ்ட் பெருகிவிடுமே! பையன் விஷயத்துக்குச் சரி என்று சொன்ன பிறகும் இவள் சாப்பிட மறுக்கிறாள் என்றால் இவளுக்கு வேறு என்னதான் வேண்டும் என்று அவர் குழம்பிப் போனார். அந்தக் குழப்பத்தில் உனக்கும் அவர் தகவல் சொல்லவில்லை.

நான் விழுந்த செய்தி ஷெட் பெண்கள் மூலமாகப் பியூலாவின் அம்மா வேலை செய்கிற தையல் லைனுக்குப் போய், அங்கிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து முற்பகலில், ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்தாள். அப்பா துணிக்குச் சாயம் போட டையிங்குக்குப் போயிருந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "ஆன்ட்டி, உள்ள வரலாமா?" என்றாள். உன் போனில் போட்டோவில் பார்த்ததை விட ஒல்லியாக இருந்தாள். வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் அவர விட்டுருதேன் ஆன்ட்டி" என்றாள். "யோசிச்சுட்டுத்தான் சொல்லுதேன். எங்கம்மாவும் அதைத்தான் சொல்லுதாங்க. ஒரு தாயைப் பட்டினி போட்டுட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம். அவருகிட்ட நான் பக்குவமா பேசிக்கிடுதேன். நீங்க சாப்பிடுங்க."

அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். இத்தனை மாதம் என் நாக்கைக் கட்டிப்போட்டிருந்த கூச்சம் அந்தக் காலி டம்ளரைப் பார்த்ததும் விட்டுப்போனது. என் வாய்க்குள் இருந்த ஒரு விஷயத்துக்காக ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தூக்கிக் கொடுக்கிறாள். அதற்கு மேலும் நான் மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"உனக்காக இல்ல கண்ணு நான் சாப்பிடாம கெடந்தது" என்றேன். சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. நீர்க்கடுப்பில் தொடங்கி வாட்ஸப் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம் கொட்டினேன். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. நடுவில், எனக்கு ஆறுதலாகத் தன்னைப் பற்றியும் ஒன்று சொன்னாள். அது அவள் விஷயம், இங்கே எழுத மாட்டேன். அவள் விரும்பினால் உன்னிடம் சொல்லட்டும், இல்லாவிட்டால் இருக்கட்டும்.

ஜன்னலில் அன்று காலையில் வைத்த கண்ணாடி டம்ளர் இருந்தது. அதை எடுத்து வந்து காட்டினேன். "இதப் பாரு, இன்னைக்கும் நூல் நூலா எறங்கியிருக்குது. இத்தன நாளா அரிசியக் கண்ணுல பாக்கல, அப்பவும் போகல."

அவள் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, எக்ஸ்போர்ட் பீஸைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னொரு டம்ளர் இருக்கா ஆன்ட்டி?" என்றாள். கொடுத்தேன். தண்ணீர் பிடித்து, ஒரு தயக்கமும் இல்லாமல் என் முன்னாலேயே அதில் துப்பினாள். இரண்டு டம்ளரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவளுடைய எச்சிலும் நூல் நூலாக இறங்கியது.

"நான் இன்னைக்குக் காலையில ஆறு இட்லி தின்னேன். எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள். "எச்சின்னா எல்லாருக்கும் இப்படித்தான் எறங்கும் போல ஆன்ட்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் பேச வேண்டிய பெண்ணோடு உட்கார்ந்து எச்சில் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. அவளும் சிரித்தாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "சுகர் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்ததே இல்லை. "கெளம்புங்க" என்றாள்.

ஆட்டோவில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். பெயர் எழுதுகிற பெண் இவளைப் பார்த்து, "மகளா?" என்று கேட்டாள். பியூலா ஒரு நொடி தயங்கி, "இல்லீங்க, தெரிஞ்சவங்க" என்றாள். உள்ளே டாக்டர் அம்மா என்னைப் பரிசோதிக்கும் முன், "கூட வந்தவங்க வெளிய இருங்க" என்றார். அவள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "இருக்கட்டுங்க டாக்டர். இது என்ற மருமகதானுங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை, அத்தைதான்.

டாக்டர் சோதனைக்கு எடுத்து அனுப்பினார், ரத்தமும் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நிறைய இருக்கிறது, மூன்று மாத சராசரியும் ஏறியிருக்கிறது என்றார். நான் நச்சு வெளியேறுகிறது என்று நினைத்த தாகமும் மெலிவும் பெரும்பாலும் சர்க்கரையின் வேலை. பட்டினி மீதியைச் செய்திருக்கிறது.

"ஈஸ்ட் எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கும்மா" என்றார். "வாயில, குடல்ல, பெண்ணுறுப்புல எல்லா இடத்துலயும். அங்க இருக்கற நல்ல பாக்டீரியா அதைத் தலைதூக்க விடாம வெச்சிருக்கும். நீங்களே வாங்கி வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக், நல்லதையும் சேத்து அடிச்சிருச்சு. சர்க்கரையும் ஏறிக்கெடக்குது. ஈஸ்டுக்கு இதவிட வசதி வேணுமா?"

"அப்போ குடலு கெட்டுப்போச்சுன்னு அந்த மேடம் சொன்னது நெசந்தானுங்களா?"

"மாத்திரையால குடல் கொஞ்ச நாள் தடுமாறியிருக்கும். அதான் உப்புசமும் பேதியும். பெரும்பாலும் தானா தேறிக்கும். ஆனா உங்களுக்கு அரிப்பு குடல்ல இல்லையே, வேற இடத்துல இல்ல இருந்துச்சு? அதுக்கு மருந்து இருக்கு. சாப்பிடாம கெடந்தா ஈஸ்ட் சாகாது, நீங்கதான் படுத்துக்குவீங்க. குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவுக்கும் சோறு வேணும். காய், பருப்பு, கீரைன்னு நார்ச்சத்து போனாத்தான் அது பொழைக்கும்."

"இட்லி திங்கலாங்களா?"

டாக்டர் சிரித்தார். "தாராளமா. மாவு புளிக்கறது வேற, இது வேற. சர்க்கரைக்காக எண்ணிக்கையைக் கொறச்சுக்கோங்க, சாம்பார நெறைய ஊத்திக்கோங்க. தயிரும் சாப்பிடுங்க. ஆனா தயிரை மருந்துன்னு நெனச்சு வேற எங்கயும் தடவிப்போடாதீங்க." டெட்டாலை அன்றோடு நிறுத்தச் சொன்னார், வெறும் தண்ணீர் போதுமாம். முந்தின நாள் பரிசோதித்தபோது நான் இறுக்கமான நைலான் உள்ளாடை போட்டிருந்ததைச் சொல்லி, "ஊரே காட்டன் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புது, நீங்க நைலானைப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்று கடிந்துகொண்டார். கிளம்பும்போது, நான் கேட்காமலேயே, "இது நடத்தையால வர்ற நோய் இல்லம்மா. ஊட்டுக்காரர்கிட்ட பயமில்லாம சொல்லுங்க" என்றார். எத்தனை பெண்கள் அந்த நாற்காலியில் என் முகத்தோடு உட்கார்ந்திருந்தால் அவருக்கு இது கேட்காமலேயே தெரிந்திருக்கும்!

ஒரே மாத்திரையில் மாயமாகப் போய்விடவில்லை. முதல் வாரத்திலேயே அரிப்பு அடங்கியது, ஆனால் அடிக்கடி வந்து பழகிவிட்டதால் வாரம் ஒரு மாத்திரை என்று பல மாதம் எடுக்க வேண்டியிருந்தது. நடுவில் மாசியில் மறுபடி தலைகாட்டியது. சர்க்கரை மாத்திரையை நான் ஒழுங்காகப் போடவில்லை என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகுதான் இதுவும் முழுசாக விட்டது. வயிறு அதற்கு முன்பே தேறிவிட்டது. குரூப்பை விட்டு வெளியே வந்தேன். அந்த அம்மா பேசியதில் முக்கால்வாசி உண்மை கலந்திருந்தது, அதனால்தான் நான் ஏமாந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

உன் அப்பாவிடம் சொன்னதை எழுதாவிட்டால் அவருக்கு நியாயமாக இருக்காது. ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு, "இதச் சொல்லறதுக்கா புள்ள இத்தன மாசம்? நீ முன்னறைக்குப் போனப்ப, என்னைக் கண்டாவே உனக்கு ஆகலையாட்டம்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். அவரும் அத்தனை மாதமாக அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். "அப்போ அந்தப் புள்ளைய நீ வேண்டாம்னே சொல்லலையா?" என்றார்.

"இல்லீங்க."

"உனக்காகன்னுதான நான் சரின்னு சொன்னேன்?"

"வேணும்னா வாபஸ் வாங்கிக்கோங்க."

ஆறின டீயை எடுத்துக் குடித்தார். "சொன்னது சொன்னதுதான்" என்றார். அடுத்த முறையிலிருந்து அவர்தான் என்னை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆம்பளையாக, டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஷெட்டில் பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை எழுந்ததும் அதற்குப் பிறகுதான். நீ வந்து பார்த்து, "இப்பத்தான் புத்தி வந்துச்சா" என்று கிண்டல் செய்தாயே, அது வந்த வழி இதுதான்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. தொண்டை கட்டியதும் காலி அட்டையை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடாதே. டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சொன்னபடி முடி, சொல்லாதபோது தொடாதே. உனக்கும் என் ரத்தம் என்பதால் சர்க்கரையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள். குடலைச் சுத்தம் செய்கிறேன், பூஞ்சையைப் பட்டினி போடுகிறேன் என்று போனில் யார் சொன்னாலும் முதலில் ஒரு டாக்டரைப் பார். இதெல்லாம் உன் உடம்புக்கு.

உன் வீட்டுக்கு ஒன்று உண்டு. நாளைக்குப் பியூலாவுக்கு ஏதாவது உடம்புக்கு வந்து, சொல்லத் தயங்கினால், முகத்தைப் பார்த்து நீயாக ஒரு கதை கட்டிக்கொள்ளாதே. நம் வீட்டில் அன்று மூன்று பேர் இருந்தோம், மூன்று பேரும் மூன்று கதை கட்டிக்கொண்டோம். கேள். ஒரு தடவை கேட்டு அவள் சொல்லவில்லை என்றால் இன்னொரு நாள் கேள். சொன்னால் கூச்சப்படாமல் கேட்டுக்கொள், கூடப் போய் உட்கார். அந்த நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்துவிட்டார், உனக்கு என்ன?

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். தை மாதம் அப்பா போன் செய்து கூப்பிட்டு நீ வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நான் மேசையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். பியூலா வந்துபோனாள், நல்ல புள்ளை, பேசி முடித்துவிடலாம் என்றேன். உனக்குச் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் அதிகமாக வந்தது. என்ன பேசினீர்கள் என்று என்னிடம் கேட்டாய், நான் மழுப்பினேன். அவளிடம் போய்க் கேட்டாய். அவள் சொல்ல மறுத்தாள். உனக்குத் தெரியாமல் அவள் எனக்கு ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டாள், மதம் மாறச் சம்மதித்துவிட்டாளோ, வேலையை விடச் சம்மதித்துவிட்டாளோ என்று நினைத்துச் சண்டை போட்டாய். கல்யாணத்துக்கு முன்பே மறைக்கிறவளோடு எப்படி வாழ்வது என்று கேட்டுவிட்டுப் பல நாள் அவளோடு பேசாமல் இருந்தாய். அப்போது அவள் என்னைப் பார்க்க வந்தாள். கண் வீங்கியிருந்தது. "சொல்லிப்போடு கண்ணு, என்னால உங்களுக்குள்ள எதுக்குச் சண்டை" என்றேன். "அது உங்க உடம்பு அத்தை. என் வாயிலருந்து வரக் கூடாது. நீங்க என்னைக்குச் சொல்லுதீங்களோ அன்னைக்கு அவருக்குத் தெரியட்டும்" என்றாள்.

நீ போய்விடுவாயோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றே உன்னைத் திருப்பியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கோ அப்போது தைரியம் வரவில்லை. சண்டை எப்படியோ ஆறியது. ஆனால் போன மாதம் சேலை எடுக்கும்போது, "உங்க ரெண்டு பேருக்குள்ளயும்தான் ரகசியம் நெறைய இருக்குதே" என்று நீ சிரித்த சிரிப்பில் பாதிதான் சிரிப்பு. அவளும் அதைக் கவனித்தாள்.

நேற்று அவளிடம் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "உங்க இஷ்டம் அத்தை" என்றாள். இதைப் படித்து முடித்ததும் என்னிடம் வராதே சாமி. உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும், உனக்கும்தான். இரண்டு நாள் கழித்து எப்போதும் போல ஏதாவது கேட்டுக்கொண்டு வா. இப்போது அவளுக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள். எதற்கு என்று விளக்காமல் மன்னிப்பு மட்டும் கேள். அவளுக்குப் புரிந்துவிடும்.

அம்மா